அடிப்பெட்டியில் எவ்வளவு?

எந்திரம் அலறியது. விட்டு விட்டு அல்ல, மூச்சு விடாமல் ஒரே இழுப்பாக.

போஸ் கையிலிருந்த ஸ்பானரை அப்படியே போட்டான். முதலில் அவன் கண் போனது மனைவியின் இடுப்புக்கு. அழகம்மை கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்புப் பட்டையில் சோப்புப் பெட்டி அளவில் இருந்த மின்பெட்டி பச்சையாக மினுக்கியது.

"நான் இல்லைங்க. பக்கத்து வண்டி" என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் கதவு அதிர்ந்தது. திறந்தால் கிங்ஸ்டன். தலையிலிருந்து மழைத்தண்ணீர் வழிய, சட்டையில்லாமல் நின்றான். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. கடலுக்குப் போகிற உடம்பு. ஆனால் முகம் பயந்த பள்ளிக்கூடப் பையனுடையது.

"அண்ணே, புள்ள மெஷின் நிக்கப் போவுது. பேட்டரி செத்துருச்சுண்ணே. ஒரு ஒயர் குடுங்க."

"செத்துருச்சுன்னு சொல்லாத தம்பி" என்றாள் அழகம்மை, வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஓய்ஞ்சிருக்குன்னு சொல்லு."

"அதான் அக்கா. ஓய்ஞ்சிருச்சு."

தொண்டிக்குத் தெற்கே கடல் உள்ளே வரத் தொடங்கிய பிறகு, அரசாங்கம் அந்தக் கரையிலிருந்து மின்கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனது. கூடவே ஒரு சட்டமும் வந்தது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் குடியிருக்கும் எந்த வீடும் சக்கரத்தின் மேல்தான் நிற்க வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால் அரசாங்க டிராக்டர் வந்து வீட்டை இழுத்துப் போகும். மின்சாரம் அவரவர் கூரையில், அவரவர் பேட்டரியில்.

ஒரு வீட்டு வண்டிக்கு எத்தனை சூரியத் தகடு, எவ்வளவு பேட்டரி என்று அளந்து சொல்வது போஸின் தொழில். பரமக்குடிக்காரன். அந்த மேட்டில் நிற்கும் நாற்பது வண்டிகளுக்கும் அவன்தான் அளவு போட்டவன். "கிரைண்டர் உண்டா, வாரத்துக்கு எத்தனை தடவை மாவாட்டுவீங்க?" என்று அவன் கேட்கும்போது பெண்கள் சிரிப்பார்கள். கல்யாணத்துக்கு முன் அழகம்மையிடமும் அதைத்தான் கேட்டான். "பொண்ணு பார்க்க வந்த முதல் ஆள் நீங்கதான், கிரைண்டர் எத்தனை வாட்டுன்னு கேட்டது" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இந்த முறை முப்பத்தெட்டு வண்டிகளை டிராக்டர் இழுத்துப் போய்விட்டது. கடைசி இரண்டுக்குத் திரும்பி வருவதற்குள் தரைப்பாலம் மூழ்கியது. ஐந்தாவது நாளாக வானம் ஈரச் சாக்கைப் போலத் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வா. நனைஞ்சது போதும்" என்றான் போஸ். "மெஷின் எவ்வளவு இழுக்குது?"

"மூச்சு மெஷினும் சூட்டுப் படுக்கையும் சேர்த்து நாளைக்கு நாலு யூனிட்டுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"நாலா?" போஸ் தலையில் கை வைத்தான். "உன் வண்டிக்கு ரெண்டு ஆளுன்னுதானே அளவு போட்டேன். லைட்டு, ஃபேனு, ஒரு ஃபிரிட்ஜ். நீ புள்ள பெத்துக்கப் போறேன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே."

"அப்போ எங்களுக்கே தெரியாதுண்ணே."

அழகம்மை சிரித்துவிட்டாள். போஸ் சிரிக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்து, ஒரு கைக்குள் அடங்கிவிடும் அந்தக் குழந்தையை அவன் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறான். மூக்கில் நூல் மாதிரி ஒரு குழாய். அது வழியாக எந்திரம் ஊதினால்தான் நெஞ்சு விரியும்.

"உங்க பேட்டரியில மூணு நாளைக்கு இருந்திருக்கணுமே?"

"மூணு நாள் ஓடிச்சுண்ணே. மத்ததையெல்லாம் நிறுத்தி இன்னும் ஒரு நாள் இழுத்தோம். இன்னைக்கு அஞ்சாச்சுல்ல."

மூன்று நாளுக்கு மேல் சூரியன் வராமல் இராது என்பதுதான் அவன் தொழில் கற்றபோது எல்லாரும் வைத்திருந்த கணக்கு. மேகத்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

அவன் சுவரைப் பார்த்தான். அளவு காட்டும் திரை இருண்டு கிடந்தது. சிக்கனத்துக்காக அவனே அணைத்ததுதான். குரல் மட்டும் வேலை செய்யும்.

"மீனா, பெரிய பேட்டரி எவ்வளவு?"

"நாப்பத்திரண்டு பங்கு இருக்குதுங்க ஐயா" என்றது வீட்டின் குரல். மீனாள் என்று பெயர் வைத்தது அழகம்மை. வாங்கும்போது செய்தி வாசிப்பவரைப் போலப் பேசிக்கொண்டிருந்த கருவி, வீட்டுக்காரர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அப்படியே பேசப் பழகிக்கொள்ளும் வகை. நாள் முழுக்க வீட்டில் இருப்பவள் அழகம்மை. அதனால் இரண்டே மாதத்தில் மீனாளும் அவளைப் போலவே தேவகோட்டைக்காரி ஆகிவிட்டாள். விளக்கை 'அணைத்துவிட்டேன்' என்று சொல்ல மாட்டாள், 'அமர்த்திட்டேன்' என்பாள். போஸ் வெளியே கிளம்பினால் 'போயிட்டு வாங்க' என்பாள். அழகம்மையை அந்த ஊர் வழக்கப்படி ஆச்சி என்றே கூப்பிடுவாள்.

நூற்றில் நாற்பத்திரண்டு பங்கு என்றால் ஏறக்குறைய நாலு யூனிட். குழந்தைக்குச் சரியாக ஒரு நாள். கொடுத்தால் தன் வீட்டுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

அழகம்மைக்குத் தேவை ஒரு நாளைக்குக் கால் யூனிட்தான். ஆனால் அந்தக் கால் யூனிட் இல்லாவிட்டால் அவள் இல்லை. காய்ச்சல் ஒன்று வந்து இதயத்தைச் சப்பையாக்கிவிட்டுப் போயிருந்தது. நெஞ்சுக்குள் ஒரு பம்ப் ஓயாமல் சுழன்று ரத்தத்தைத் தள்ளுகிறது. அதற்கு இடுப்பில் ஒரு மின்பெட்டி, மாற்றிப் போட இன்னொன்று. ஒன்று அரை நாள் தாங்கும். அதற்குள் மற்றொன்று நிரம்ப வேண்டும்.

அதற்காகவே போஸ் கட்டிலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரி வைத்திருந்தான். அதற்குக் கூரையின் பின்பக்கம் தனித் தகடு, தனிக் கம்பி. வேறு எதற்கும் அதைத் தொட முடியாது. அதற்கு அடிப்பெட்டி என்று பெயர். மின்பெட்டிகள் அன்றாடம் பெரிய பேட்டரியில் நிரம்பும்; அது ஓய்ந்தால் மட்டும்தான் இது. ஒரு யூனிட் கொள்ளும். வெளி உலகமே இருண்டாலும் அழகம்மைக்கு நாலு நாள்.

"மீனா, அடிப்பெட்டியில எவ்வளவு?"

"அடிப்பெட்டி நிறைஞ்சிருக்குங்க ஐயா."

அழகம்மையின் கை வெங்காயத்தின் மேல் நின்றது. ஒரு கணம்தான். மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

போஸ் பெருமூச்சு விட்டான். "சரி தம்பி. ஆரஞ்சு ஒயரை எடுத்துட்டு வா. பெரிய பேட்டரி பூரா உன் புள்ளைக்கு. எங்களுக்கு அடிப்பெட்டி போதும். நாளைக்குள்ள எவனாவது வராமலா போயிடுவான்?"

கிங்ஸ்டன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படியே மழைக்குள் ஓடினான். சிறிது நேரத்தில் பக்கத்து வண்டியின் அலறல் நின்றது.

"நல்ல காரியம் செஞ்சீங்க" என்றாள் அழகம்மை.

"அடிப்பெட்டி ரொம்பி இருந்ததால செஞ்சேன். இல்லாட்டி செஞ்சிருக்க மாட்டேன்" என்றான் போஸ், உண்மையாகவே.

"தெரியும்" என்றாள்.

மறுநாள் விடிந்தது என்று கடிகாரம்தான் சொன்னது. காற்று குறைந்திருந்தது, மேகம் குறையவில்லை. வானொலியில் இரைச்சல் மட்டும். போஸ் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான். பின்பக்கத் தகடு ஒரு மூலையில் பெயர்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. புயலடித்த முதல் இரவே பிய்ந்திருக்க வேண்டும். அடிப்பெட்டிக்குப் போகும் கம்பி வண்டியின் இரும்பில் உரசித் தோல் உரிந்திருந்தது.

"நல்லவேளை, பெட்டி ரொம்பின பிறகு பிஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான்.

அழகம்மை அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்து ஒரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, சீனி நிறைஞ்சிருக்கு. கருப்பட்டி போட்டுத் தரட்டுமா?"

போஸுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் இதனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. அழகம்மை பிறந்த வீட்டில் அடுப்படிக்குள் 'இல்லை' என்ற சொல் வரக் கூடாது. அரிசி இல்லையென்றால் அரிசி நிறைஞ்சிருக்கு. உப்பு இல்லையென்றால் உப்பு நிறைஞ்சிருக்கு. இல்லை இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடுமாம். ஒருமுறை அவள் 'எண்ணெய் நிறைஞ்சிருக்கு' என்று சொல்ல, சந்தோஷமாக வாங்காமல் வந்துவிட்டு, மூன்று நாள் தாளிக்காத குழம்பு சாப்பிட்டிருக்கிறான்.

"உங்க ஊருல மட்டும்தான் அழகு, டப்பா காலியானா நிறைஞ்சிரு…"

சிரிப்பு பாதியில் நின்றது.

அவன் மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தான்.

"மீனா. அடிப்பெட்டியில எவ்வளவு?"

"நிறைஞ்சிருக்குங்க ஐயா."

"நம்பர்ல சொல்லு."

மீனாள் தயங்கினாள். கருவி தயங்குவதை அவன் அன்றுதான் கேட்டான்.

"அந்த நம்பரைச் சொல்லக் கூடாதுன்னு ஆச்சி சொல்லிருக்காங்க ஐயா."

"தீர்ந்துபோச்சுன்னு சொல்லித் தொலையேன்!"

போஸ் கட்டிலை ஒரே இழுப்பில் நகர்த்தித் தரைத் தகட்டைத் தூக்கினான். உள்ளே உப்புத் தண்ணீர். அடிப்பெட்டியின் முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. மீட்டரின் சோதனைக் கம்பியை வைத்தான். முள் அசையவே இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்ப இருந்து?"

"ரெண்டாம் நாள்ல இருந்து" என்றாள் அழகம்மை. "நீங்க மேலே முன்பக்கத் தகட்டைக் கட்டிக்கிட்டு இருந்தீங்க. மீனாள் எங்கிட்டச் சொன்னா. எப்பவும் போல அவ பெரிய பேட்டரியில இருந்து என் பெட்டிக்கு ஊட்டிக்கிட்டு இருந்தா. சரி, அது போதும்னு இருந்துட்டேன்."

"நேத்து நான் கேட்டப்போ உனக்குத் தெரியும்."

"மீனாள் சரியாத்தான் சொன்னா. நீங்கதான் உங்க ஊர்ப் பாஷையில கேட்டுக்கிட்டீங்க."

"விளையாடாத அழகு. நீ ஏன் வாயைத் தொறக்கல?"

"தொறந்திருந்தா ஒயரைக் குடுத்திருப்பீங்களா?"

அவள் காபியை வடிகட்டினாள்.

"இடுப்புல இருக்கிறது?"

"விடிகாலையில மாத்துனது. மத்தியானம் வரைக்கும் வரும்."

"இன்னொண்ணு?"

அவள் காபியை அவன் பக்கம் நகர்த்தினாள். போஸ் நிலைப்படியில் மாட்டியிருந்த இரண்டாவது மின்பெட்டியை எடுத்து அமுக்கினான். நாலு விளக்கில் ஒன்றுகூட எரியவில்லை. விடிகாலையில் கழற்றிய அதை நிரப்ப அடிப்பெட்டியில் ஒன்றுமில்லை; பெரிய பேட்டரியில் இருந்ததோ பக்கத்து வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவன் எழுந்தான். மழையில் இறங்கினான்.

வண்டியின் பக்கவாட்டில் ஆரஞ்சுக் கம்பி செருகியிருந்தது. இழுத்தால் வந்துவிடும். பெரிய பேட்டரியில் இன்னும் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். குழந்தைக்கு அது சில மணி நேரம். அழகம்மைக்கு மூன்று நாளுக்கு மேல். கணக்கு அவ்வளவுதான். கணக்குப் போட்டுத்தானே இத்தனை காலமும் பிழைத்தான்?

கையை வைத்தான்.

எதிர் ஜன்னலில் ஜெனிட்டா உட்கார்ந்திருந்தாள். கிங்ஸ்டனின் மனைவி. இரண்டு நாளாகத் தூங்காத கண். அவனைப் பார்த்ததும் சிரித்தாள். துணிச் சுருளிலிருந்து சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு கையை எடுத்து ஆட்டிக் காட்டினாள். "மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்று உதட்டசைவு தெரிந்தது.

"அண்ணே?"

கிங்ஸ்டன் வெளியே வந்து நின்றான். அவன் கண் போஸின் முகத்துக்குப் போகவில்லை. கம்பியின் மேலிருந்த கைக்குத்தான் போனது.

"ஒண்ணுமில்ல" என்றான் போஸ். "மழையில லூஸாயிருக்கான்னு பாத்தேன்." கம்பியை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டான். "நான் தரைப்பாலம் வரைக்கும் போய்ப் பாக்கறேன். அந்தப் பக்கம் எவனாவது வந்திருப்பான்."

"நீங்க எதுக்குண்ணே? எனக்குத் தண்ணி பழக்கம். நான் போறேன்."

"மெஷின் நின்னா பையை அமுக்கிக் கையால மூச்சு குடுக்க உனக்குத்தானே சொல்லிக் குடுத்திருக்காங்க? நீ இரு." குரலைத் தாழ்த்தினான். "அக்காவை அப்பப்ப எட்டிப் பாத்துக்க."

உள்ளே வந்து ஒரு கயிற்றை எடுத்துத் தோளில் போட்டான். அழகம்மை கட்டிலை நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுவரோரம் போய்க் குனிந்து, வாய்க்குள்ளேயே பேசினான்.

"மீனா, பெரிய பேட்டரி அஞ்சு பங்குக்குக் கீழே போனா பக்கத்துக் கம்பியை வெட்டிடு. மிச்சம் ஆச்சிக்கு."

"வெட்டறதுன்னு சொல்லக் கூடாதுங்க. அமர்த்திடறேன்."

"என்னமோ செய். அவகிட்ட சொல்லாத."

"கேக்காட்டிச் சொல்ல மாட்டேன். கேட்டாச் சொல்லிடுவேன் ஐயா."

போஸ் அழகம்மையைப் பார்க்காமலே வாசலைத் தாண்டினான்.

"என்னங்க" என்றாள் அழகம்மை. "காபி ஆறுது."

"வந்து குடிக்கறேன்."

"போயிட்டு வாங்க" என்றார்கள் இரண்டு பேரும். ஒன்று மனைவி, ஒன்று வீடு.

இடுப்பளவுத் தண்ணீரில் தரைப்பாலம் வரை போவதற்குள் போஸின் செருப்பு இரண்டும் போய்விட்டன. பாலம் இருந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் சுழித்து ஓடியது. எதிர்க்கரையில் ஒரு மஞ்சள் உடுப்பு தெரிந்தது. பக்கத்தில் ஒரு ரப்பர் படகு. போஸ் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். தொண்டை கிழியக் கத்தினான்.

படகு வந்தது. ஓட்டுபவர் ஒருவர், ஒரு நர்ஸ். சின்னப் பெண். மஞ்சள் கோட்டின் மேல் பர்வீன் என்று எழுதியிருந்தது.

"குறைமாசக் குழந்தை இருக்கிற மேடு இதுதானா?" என்றாள்.

"இதேதாம்மா. நேரா கிழக்க போங்க. மஞ்சள் கூரை எங்க வண்டி, அடுத்தது குழந்தை. நானும் வரேன்."

"ஏறாதீங்க சார்!" என்றார் படகுக்காரர். "திரும்பறப்போ தாயும் தகப்பனும் புள்ளையும் வரணும். இப்பவே தண்ணி விளிம்புல நிக்குது. நீங்க நடந்து வாங்க."

"குழந்தைக்குப் படகிலேயே மெஷின் இருக்கு" என்றாள் பர்வீன். காலடியில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் தட்டினாள். "சார்ஜ் ஏத்தின பெட்டி இது ஒண்ணுதான் மிச்சம். யாருக்கு அவசரமோ அவங்களுக்கு. தெற்கு மேட்டில ஒரு பெரியவர் ஆக்சிஜன்ல கிடக்கார். உங்க மேட்டில வேற யாரும் இல்லையே?"

"என் வீட்டுக்காரி இருக்காம்மா! நெஞ்சுல பம்ப் வச்சிருக்கு…"

"சரி சார், அவங்களையும் கேட்டுடறேன்."

எஞ்சின் உறுமியது. படகு திரும்பியது. 'கேட்டுடறேன்' என்ற சொல் அவன் காதுக்குள் ஒரு சுற்று சுற்றியது. அப்புறம்தான் அவனுக்குச் சுரீரென்றது.

"கேக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் பாய்ந்தான். "கேக்காதீங்கம்மா! அவ நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவா! நம்பாதீங்க!"

எஞ்சின் சத்தத்தில் பர்வீனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். படகு மழைத்திரைக்குள் மறைந்தது. போஸ் தண்ணீரைக் கைகளால் பிளந்துகொண்டு நடந்தான், விழுந்தான், எழுந்து நடந்தான்.

மஞ்சள் கூரை வண்டியில் அழகம்மை, பெரிய பேட்டரி எவ்வளவு என்று மீனாளைக் கேட்டாள்.

"ஆச்சி, பெரிய பேட்டரி அஞ்சு பங்குக்கு வந்திருச்சு. இனிப் பக்கத்துக் கம்பியை அமர்த்தணும்."

"யார் சொன்னது?"

"ஐயாதான்."

"பாவம் அவுக" என்றாள் அழகம்மை. "வேண்டாம் மீனா. இருக்கட்டும்."

"அப்படின்னா நம்ம வீட்டுல…"

"சொல்லாத."

மீனாள் சொல்லவில்லை. முதலில் ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. பிறகு மேலே எரிந்த ஒற்றை விளக்கு அமர்ந்தது. பக்கத்து வண்டியில் அலறல் மறுபடி தொடங்கியது. கிங்ஸ்டன் "ஜெனி, பையை எடு! பையை எடு!" என்று கத்துவது கேட்டது. பிறகு அவன் குரலும் நின்று, புஸ், புஸ் என்று கையால் காற்றை அமுக்கும் சத்தம்.

மீனாளுக்கென்று கட்டைவிரல் அளவில் ஒரு பேட்டரி உண்டு. வீடு ஓய்ந்தாலும் சிறிது நேரம் பேசுவதற்கு. இப்போது அவள் அதில் இருந்தாள்.

அழகம்மையின் இடுப்பில் பெட்டி சிவப்பாக மினுக்கி வீறிட்டது. அவள் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை அமர்த்தினாள். அந்தப் பக்கம் ஓர் உயிருக்குப் பாடுபடுகிறவர்கள் காதில் இது விழ வேண்டாம். சேலையை இழுத்துப் பெட்டியை மூடினாள். காது அடைத்துக்கொண்டு வந்தது. விரல் நுனிகள் சில்லிட்டன. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

படகின் எஞ்சின் சத்தம். ஓடும் கால்கள். ஜெனிட்டாவின் அழுகை. பிறகு ஒரு புதுப் பெண்குரல்: "இருக்கு, மூச்சு இருக்கு! படகில மெஷினை மாட்டு. அண்ணா, அப்படியே தூக்குங்க!"

அழகம்மை கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள். கண் திறந்தாள். மஞ்சள் கோட்டு.

"பம்ப் வச்சவங்களுக்கு நாடி கிடைக்காது. மறந்துபோய்ப் பிடிச்சுட்டேன்" என்று சிரித்தாள் பர்வீன். அவள் இன்னொரு கையில் சாம்பல் நிறப் பெட்டி. "அக்கா, புள்ள நல்லா இருக்கு. அம்மாவும் அப்பாவும் படகில ஏறிட்டாங்க. நான் திரும்பி வரச் சாயங்காலம் ஆயிடும். உங்க பேட்டரி எப்படி இருக்கு? இந்தப் பெட்டியை இங்கே விடணுமா, இல்ல தெற்கு மேட்டுக்குக் கொண்டு போகட்டுமா?"

"சிஸ்டர், சீக்கிரம்!" வெளியே படகுக்காரரின் குரல். "தண்ணி இழுக்குது!"

அழகம்மை வாயைத் திறந்தாள். சீனி டப்பாவையும் உப்பு ஜாடியையும் பார்த்துப் பிறந்தது முதல் சொல்லிவந்த சொல் ஒன்றுதான். நாக்கு அதைத்தான் எடுத்துக் கொடுத்தது.

"நிறைஞ்சிருக்கும்மா."

"அப்பாடா!" என்றாள் பர்வீன். "அப்போ அந்தப் பெரியவருக்குக் கொண்டு போறேன். வரேங்க்கா." பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

அழகம்மைக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. அது இல்லை, மற்றது. மற்றச் சொல். அது என்னவென்று தெரியும். வீட்டுக்குள் வரக் கூடாதென்று விரட்டிய சொல். உதடு அசைந்தது. காற்று வரவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள். கை மடியிலேயே கிடந்தது.

பர்வீனின் ஒரு கால் வாசற்படிக்கு வெளியே இறங்கியது.

சுவரில் ஏதோ கரகரத்தது. களைத்து இழுபட்டு, ஆனால் தெளிவாக ஒரு குரல் வந்தது.

"சிஸ்டர், நில்லுங்க. ஆச்சி என்னை மன்னிக்கணும். இந்த வீட்டில நிறைஞ்சிருக்குன்னா தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்."